நாள்பட்ட நோயுடன் சர்க்கரையைக் குறைப்பது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

சர்க்கரையைக் குறைப்பது பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை, வேறு நோய் எதுவும் இல்லாதவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அப்படிப்பட்டவர் நாளைக் காலையே ஒரேயடியாக நிறுத்திவிட்டாலும், சில நாள் ஏக்கத்தோடு அது முடிந்துவிடும். நாள்தோறும் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவருக்கு நிலைமை வேறு. உணவில் அவர் செய்யும் மாற்றம் மருந்தின் அளவையும் சேர்த்தே அசைக்கிறது. நான் பதினோர் ஆண்டுகளாக, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துடன் வாழ்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துவந்த காலத்தில் இரத்தக் குளுக்கோஸ் ஏறத் தொடங்கியதால், வீட்டிலிருந்த இனிப்புப் பொருள்கள் அனைத்தையும் ஒரே நாளில் அப்புறப்படுத்தினேன். அதே வீட்டில் என் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். நான்கு நாள் கழித்து ஓர் இரவில் அவருக்கு உடல் வியர்த்துக் கை நடுங்கியபோது, கொடுப்பதற்கு ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைகூட வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி வாங்கிக் கொடுத்தோம். எதை விடுவது என்று யோசிப்பதற்கு முன்னால், எதை விடக் கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இந்த விளக்கமும் அந்த வரிசையிலேயே அமைகிறது.

நம் பேச்சில் ‘சர்க்கரை’ என்ற ஒரே சொல் உண்ணும் பொருளுக்கும், நோய்க்கும், இரத்தப் பரிசோதனையில் வரும் அளவுக்கும் வழங்குகிறது. குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக, இங்கே உண்ணும் பொருளை மட்டும் சர்க்கரை என்றும், நோயை நீரிழிவு என்றும், இரத்தத்தில் இருப்பதைக் குளுக்கோஸ் என்றும் எழுதுகிறேன்.

படி 1: விலக்கக் கூடாத சர்க்கரையைத் தனியே எடுத்து வையுங்கள்

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் இரத்தக் குளுக்கோஸ் திடீரெனத் தாழ்ந்துவிடும் அபாயம் உண்டு. அது ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், குளுக்கோஸ், சர்க்கரை போன்ற விரைவில் செரிக்கும் மாவுச்சத்தை 15 கிராம் அளவில் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு எடுத்துக்கொள்வது பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். இதற்கென ஒரு சிறு பெட்டியில் குளுக்கோஸ் மாத்திரையோ பொடியோ வைத்து, வீட்டில் உள்ள அனைவரும் அறிந்த இடத்தில் வையுங்கள். இந்த வேலைக்குச் சாக்லேட் ஏற்றதன்று. அதிலுள்ள கொழுப்பு, குளுக்கோஸ் இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றவோ ஊட்டவோ கூடாது. உடனடியாக அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

இங்கே பலரும் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. அகார்போஸ், வோக்லிபோஸ் ஆகிய நீரிழிவு மாத்திரைகள், குடலில் சர்க்கரை உடைந்து குளுக்கோஸாக மாறுவதையே தாமதப்படுத்துகின்றன. இன்சுலினுடனோ மேற்சொன்ன மாத்திரைகளுடனோ இவற்றைச் சேர்த்து எடுப்பவருக்குக் குளுக்கோஸ் தாழ்ந்துவிட்டால், சாதாரண வெள்ளைச் சர்க்கரை உரிய வேகத்தில் பயன் தராது. நேரடிக் குளுக்கோஸே தேவைப்படும். அதேபோல், இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவர்களிடம் நடுக்கமும் படபடப்பும் வெளிப்படாமல் மறைந்துபோகலாம். அவர்களைப் பொறுத்தவரை வியர்வையைத்தான் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் உள்ள குளுக்கோஸும் விலக்கத் தகாதது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வாய்ப்பாட்டின்படி ஒரு லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அது சுவைக்காகச் சேர்க்கப்பட்டதன்று. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் இணைந்தே உள்ளே செல்கின்றன, அவற்றின் பின்னால் நீரும் ஈர்க்கப்படுகிறது. குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் ‘இனிப்பு வேண்டாம்’ என்று எண்ணி இதைத் தவிர்த்தால், நீரிழப்பைத்தான் வரவழைத்துக்கொள்வார்கள். நீரிழிவும் சேர்ந்து இருப்பவர்கள் கரைசலைத் தவிர்க்காமல், குளுக்கோஸை அடிக்கடி அளந்துகொண்டு, மருத்துவரின் அறிவுரைப்படி குடிக்கலாம்.

புற்றுநோய்ச் சிகிச்சையினாலோ வேறு நோயினாலோ எடை குறைந்துகொண்டே போகிறவர்கள் இந்தப் படியோடு நின்றுவிடுங்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது போதிய உணவு. மருத்துவர் பரிந்துரைத்த ஊட்டச்சத்துப் பானம் இனிப்பாக இருந்தாலும் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 2: மாற்றத்தைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்

இதை ஒரு சடங்காகக் கருதிக் கடந்துவிடாதீர்கள். இன்று உங்களுக்குத் தரப்படும் இன்சுலின் அளவு, நீங்கள் இன்று உண்ணும் உணவுக்கு ஏற்ப நிர்ணயிக்கப்பட்டது. உணவில் உள்ள சர்க்கரையைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் குளுக்கோஸ் தாழக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை எடுப்பவர்கள், சர்க்கரையோடு நிற்காமல் மாவுச்சத்து முழுவதையும் கடுமையாகக் குறைத்தால், இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் ஆபத்தான அளவுக்குச் சேரலாம். குளுக்கோஸ் அளவு பெரிதாக ஏறாமலேயே இது நேரக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். இந்த மாத்திரைகள் இப்போது இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும்கூடத் தரப்படுகின்றன. ஆகவே, ‘எனக்கு நீரிழிவு இல்லையே’ என்று இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

மருந்துகளின் பெயர்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். இவற்றில் எந்த மருந்து குளுக்கோஸைத் தாழ்த்தும்? உணவை மாற்றும் வாரங்களில் எந்த நேரங்களில் அளந்து பார்க்க வேண்டும்? எந்த அளவு வந்தால் உங்களை அழைக்க வேண்டும்? விடைகளை அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: ஏழு நாள்கள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இனிப்பாக எதை உண்டீர்கள், எப்போது உண்டீர்கள், அப்போது உடல் எப்படி இருந்தது என்ற மூன்று செய்திகள் போதும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், நோயுள்ளவரின் குறிப்பேட்டில் அதுதான் அதிகம் பேசும். என் குறிப்பேட்டைப் புரட்டியபோது, நான் உண்ட இனிப்பில் பெரும்பகுதி பிற்பகல் நான்கு மணியைச் சுற்றியே இருந்தது. ஆசையினால் உண்டேன் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அந்த நேரத்தில் மூட்டு வலியோடு ஒரு பெரும் சோர்வு வந்து, அடுக்களையில் நின்று எதையும் தயாரிக்க இயலாமல், கைக்கு எட்டியதை எடுத்து உண்டிருக்கிறேன். எனக்குத் தேவைப்பட்டது மன உறுதியன்று. நான்கு மணிக்குத் தயாராக இருக்கும் வேறொரு சிற்றுணவு.

அளவைக் கணக்கிட, தலைதட்டிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை 4 கிராம் என்று கொள்ளலாம். கூம்பாக அள்ளினால் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும் என்பதால், முதல் நாளில் உங்கள் வழக்கமான கரண்டியை ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவே கட்டற்ற சர்க்கரை இருக்க வேண்டும் என்கிறது. 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்தால் கூடுதல் நன்மை கிடைக்கலாம் என்றும் சொல்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். நாம் சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதும் கட்டற்ற சர்க்கரையே. முழுப்பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ளவை இந்தக் கணக்கில் சேரா.

படி 4: பானங்களிலிருந்து தொடங்குங்கள்

திட உணவைக் கடைசிக்கு விட்டுவிடலாம். 330 மில்லிலிட்டர் கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை, அதாவது எட்டுத் தேக்கரண்டிக்கும் மேல் இருக்கிறது. அது வயிற்றையும் நிரப்புவதில்லை. இதை விட்டால் இழப்பு சிறிது, பயன் பெரிது.

தேநீரிலும் காப்பியிலும் ஒவ்வொரு வாரமும் கால் தேக்கரண்டி மட்டும் குறையுங்கள். இரண்டு தேக்கரண்டி போட்டுக் குடிப்பவர் எட்டு வாரங்களில் சர்க்கரையின்றிக் குடிக்கும் நிலைக்கு வருவார்; நாவும் அதற்குள் பழகிவிடும். எட்டு வாரம் நீண்ட காலமாகத் தோன்றினாலும், மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ள மருத்துவருக்கும் உங்களுக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

சர்க்கரையைக் குறைக்கும் அதே வாரத்தில் காப்பியையே நிறுத்திவிடாதீர்கள். காஃபீனைத் திடீரென்று விட்டால் ஒரு நாளுக்குள்ளாகவே தலைவலி தொடங்கி, சில சமயம் ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். அந்த வலியைச் சர்க்கரையின் மீது பழிபோட்டு முயற்சியையே கைவிட்டவர்களை நான் அறிவேன். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது மேலும் முக்கியம்.

இனிப்புப் பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர் நல்லது. ஆனால் இதயச் செயலிழப்போ சிறுநீரகச் செயலிழப்போ இருந்து, நாளொன்றுக்கு இவ்வளவுதான் குடிக்க வேண்டும் என்று உங்களுக்கு வரம்பு விதிக்கப்பட்டிருந்தால், விட்ட பானத்தின் அளவுக்கு மேல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

படி 5: பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள்

சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்த பொருள் முதலில் வரும். சர்க்கரையை டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ், சோளப் பாகு, பழச்சாற்றுச் செறிவு என்று பல பெயர்களாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுப் பொருள் சர்க்கரைக் கணக்கில் வராமல் போனாலும் குளுக்கோஸை வேகமாக ஏற்றும். மாறாக, இனிப்புச் சேர்க்காத தயிரின் பொட்டலத்தில் 100 கிராமுக்கு நான்கைந்து கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்தால் அஞ்ச வேண்டாம். அது பாலுக்கே உரிய லாக்டோஸ். இருமல் மருந்து, மென்று விழுங்கும் மாத்திரை ஆகியவற்றிலும் சர்க்கரை இருப்பதுண்டு. சர்க்கரையற்ற வகை இருக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேட்கலாம்.

படி 6: மாற்றுப் பொருளை உங்கள் நோய்க்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

பொதுவான அறிவுரைகள் நோயாளியை அதிகம் வழிதவறச் செய்யும் இடம் இதுதான். ‘இனிப்புக்குப் பதிலாக உலர்பழமும் கொட்டைகளும் உண்ணுங்கள்’ என்பது எங்கும் காணப்படும் வாக்கியம். சிறுநீரகம் தளர்ந்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் நிலையில் உள்ளவருக்கு உலர்பழத்தின் பொட்டாசியமும் கொட்டையின் பாஸ்பரஸும் தீங்காக முடியலாம். அவர் தம் உணவியல் வல்லுநர் அனுமதித்த பழங்களிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வீங்குபவர், சர்க்கரையை விட்டுத் தேனுக்கும் பழச்சாற்றுக்கும் மாறினால் நோய் தணியாது. கல்லீரலில் ஃப்ரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை உடைபடும்போதே யூரிக் அமிலம் கூடுகிறது. தேனிலும் பழச்சாற்றிலும் இருப்பது அந்த ஃப்ரக்டோஸ்தான்.

எரிச்சல் மிகுந்த குடல் உடையவர்கள், ‘சர்க்கரையற்றது’ என்று விற்கப்படும் மிட்டாய்களில் சார்பிட்டால், மால்டிட்டால், சைலிட்டால் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இவை வயிற்றுப் பொருமலையும் பேதியையும் உண்டாக்கும். ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பூட்டி கூடாது. மற்றவர்களுக்குச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றி என் கருத்து இதுதான்: இனிப்புப் பானத்தை விடமுடியாதவர் சில வாரங்களுக்கு ஊன்றுகோலாகப் பயன்படுத்தலாம், வாழ்நாள் பழக்கமாக்க வேண்டாம். எடையைக் கட்டுப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே குறிப்பிட்டது.

படி 7: உடல் ஒத்துழைக்காத நாள்களுக்கு முன்கூட்டியே வழி செய்யுங்கள்

நோய் தீவிரமாகும் நாள்கள் வந்தே தீரும். திட்டம் முறிவது பெரும்பாலும் அந்த நாள்களில்தான் என்பதால், உடல் நன்றாக இருக்கும் நாளிலேயே அவற்றுக்காக உழைத்து வையுங்கள். நறுக்கவோ மூடியைத் திருகவோ தேவையில்லாத சிற்றுணவுகள் நான்கைந்தைப் படுக்கையிலிருந்து எட்டும் தூரத்தில் வையுங்கள்: அவித்து உரித்த முட்டை, கையால் உரித்து உண்ணும் பழம், உங்களுக்குத் தடையில்லை என்றால் கொட்டைகள். என் விரல்கள் மடங்காத காலைகளில், இறுக மூடிய ஒரு புட்டிக்குத் தோற்று இனிப்பு ரொட்டிக்குப் போயிருக்கிறேன். அதன் பிறகு புட்டிகளையே மாற்றினேன்.

அத்தகைய நாள்களில் அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டாம். அரைத் தேக்கரண்டிவரை வந்திருந்தால் அதிலேயே நில்லுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும்போது எழும் பெரும்பசி மருந்தினால் வருவது, உங்கள் குணக்கேடு அன்று. காலையில் எடுக்கும் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு பிற்பகலிலும் மாலையிலுமே குளுக்கோஸை அதிகம் ஏற்றும். வெறும் வயிற்றில் மட்டும் அளப்பவருக்கு அந்த ஏற்றம் கண்ணில் படாது. ஆகவே மாலையிலும் அளந்து பாருங்கள். அவ்வேளைச் சிற்றுணவில் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்கள். சிறுநீரக நோயினால் புரதத்துக்கு வரம்பு உள்ளவர்கள் மட்டும் கேட்டுச் செய்யுங்கள்.

படி 8: பலனைச் சரியான காலத்தில் அளவிடுங்கள்

எச்பிஏ1சி பரிசோதனை இரத்தக் குளுக்கோஸின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், இரண்டாவது வாரத்தில் எடுத்துப் பார்த்து மனம் சோர வேண்டாம். இரத்தசோகை உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அந்த எண் உண்மையிலிருந்து விலகி வரலாம் என்பதால், அவர்கள் நேரடியாக அளந்த குளுக்கோஸ் குறிப்புகளையே அதிகம் நம்ப வேண்டும். என்னைப் பொறுத்தவரை டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பின் அளவு இறங்கியது, பிற்பகல் சோர்வு ஓரளவு குறைந்தது. மூட்டு வலி தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், தீரவில்லை. முடக்குவாத மருந்துகளில் ஒன்றைக்கூட நான் நிறுத்தவில்லை.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்குக் குறிப்பேட்டையும், இரண்டாம் படியில் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். மாதத்தின் முதல் நாளில் குளுக்கோஸ் பெட்டியைத் திறந்து, காலாவதித் தேதியைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பி, அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.