செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடும் முன்

பேரூராட்சிகளில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது கக்கூஸில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் எனக்குத்தான் போன் வரும். “சார், லாரிக்காரர் நம்பர் இருக்கா?” டேங்கில் கடைசியாக எப்போது கசடு எடுத்தீர்கள் என்று கேட்பேன். “வீடு கட்டினதிலிருந்து எடுக்கவே இல்லை சார்” என்று பெருமையாகச் சொல்வார்கள்.

அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கசடை அடியில் தங்கவைத்துத் தெளிந்த நீரை மட்டும் வெளியே விடுவதுதான் டேங்கின் வேலை. கசடு ஏறிவிட்டால் மலம் கலந்த தண்ணீர் அப்படியே உறிஞ்சு குழிக்குப் போகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. சந்தேகமாக இருந்தால் அளந்து பாருங்கள். நீளமான மூங்கில் கழியின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, அடி தட்டும்வரை இறக்குங்கள். சில நிமிடம் அப்படியே நிறுத்திவைத்து மெதுவாக உருவினால், கசடு நின்ற உயரம்வரை துண்டு கன்னங்கரேலென்று இருக்கும். அதற்கு மேலே தண்ணீர் பட்ட இடம் லேசாகப் பழுப்பேறியிருக்கும். கருப்பு, மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால் லாரியைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள், சற்று நேரம் காற்றாட விடுங்கள். பீடி, தீக்குச்சி பக்கத்திலேயே வரக்கூடாது. உள்ளே தீப்பற்றும் மீத்தேன் வாயு இருக்கும்.

வருடக்கணக்கில் விட்ட கசடு இறுகிவிடும், ஹோஸ் இழுக்காது. “ஆளை இறக்கிச் சுரண்டிடலாம்” என்ற பேச்சு அப்போதுதான் வரும். ஒப்புக்கொள்ளவே கூடாது. டேங்குக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அடுத்து ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் சாவது இப்படித்தான். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்சச் சொல்லுங்கள். அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் இருக்கட்டும், டேங்கை யாரும் கழுவ வேண்டியதில்லை.

சரி, லாரியை எங்கே பிடிப்பது? மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு அடிக்காமல், உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம் பெற்ற வண்டிகளின் பட்டியல் கேளுங்கள். 14420 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். பேரம் பேசும்போதே, “எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீங்க?” என்று கேட்டுவிடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பேரைச் சட்டென்று சொன்னால் நல்லது. “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றால் வேறு வண்டி பாருங்கள். ஒருவர் மற்றவர்களைவிட ஐந்நூறு, ஆயிரம் குறைத்துக் கேட்டால், அந்தக் காசு டீசலில் மிச்சம் பிடிப்பது. பத்திருபது கிலோமீட்டர் போக வேண்டிய வண்டி ஊர் எல்லை ஓடையிலேயே வால்வைத் திறந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வருவேன் என்கிற வண்டியும் அப்படித்தான். தமிழ்நாட்டில் இந்த வண்டிகளுக்கு உரிமமும் ஜிபிஎஸ்ஸும் கட்டாயம். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் அபராதம், மறுபடியும் என்றால் 50,000.

ஓடையில் கொட்டுவது தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். தென்னந்தோப்பில் விட்டால் மட்டும் “உரம்தானே சார்” என்பார்கள். உரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பச்சைக் கசடில் உருளைப்புழு முட்டைகள் இருக்கும். ஈரமண்ணில் அவை வருடக்கணக்கில் சாகாது. வெறுங்காலோடு வேலை செய்கிறவர், மண்ணில் விளையாடும் குழந்தை, ஊடுபயிராகப் போட்ட கீரை என்று வீட்டுக்குள் வந்துவிடும். ஒரே தோப்பில் திரும்பத் திரும்ப விட்டால் நைட்ரேட் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் பால் மாவு கலக்கிக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரித்துவிடும். பட்டறை, சாயக் கழிவு கலந்த கசடு என்றால் ஈயம், குரோமியம் போன்றவையும் மண்ணிலேயே தங்கிவிடும்.

கசடுக்கென்றே கட்டிய நிலையங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் 2017-ல் தொடங்கியது தமிழ்நாட்டிலேயே முதலாவது. நாளைக்குச் சுமார் 23,000 லிட்டர் கொள்ளும். இப்படிப்பட்ட நிலையங்களில் மணலும் ஜல்லியும் பரப்பிய படுக்கையில் கசடை விடுவார்கள். தண்ணீர் கீழே வடிந்து தனியாகச் சுத்திகரிப்புக்குப் போகும். மேலே இருப்பது வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகக் கழன்று வரும், நாற்றமும் அவ்வளவாக இருக்காது. காய்ந்துவிட்டதே என்று நேராகத் தோட்டத்தில் போடக்கூடாது. குப்பையோடு சேர்த்து மக்கவைத்து, சூடு 55 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றால்தான் புழு முட்டை சாகும். உரம் வாங்குகிறவர்கள் அதை விசாரித்தே வாங்குங்கள். அப்படி வாங்கினாலும் மரப்பயிருக்குப் போடுங்கள், கீரை, கேரட், முள்ளங்கிக்கு வேண்டாம்.

லாரி கிளம்பும் முன் கழியை மறுபடி இறக்கிப் பாருங்கள். மேல் தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு, கசடைத் தொடாமல் நடைக்காசை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஹோஸிலிருந்து சிந்திய இடத்தைத் தெருவுக்குத் தள்ளிக் கழுவாதீர்கள். சுண்ணாம்பைத் தூவி, காய்ந்ததும் வழித்தெடுங்கள். டேங்குக்குள் ஆசிட், பினாயில் ஊற்ற வேண்டாம், கசடைத் தின்னும் கிருமிகள் செத்துவிடும். உங்கள் டேங்க் சின்னது என்றால் பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்டுப் பாருங்கள். ஒரே நடையில் லாரி நிரம்பும், ஆளுக்குப் பாதிக் காசுதான் ஆகும்.