ராத்திரி 2 மணிக்கு அலர்ட் அடித்தால்? வீட்டுக் கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரா மாட்டிய முதல் வாரம் போன் 'டிங்' என்றதும் வீட்டில் எல்லோரும் ஓடிவந்து பார்ப்பார்கள். அடுத்த வாரம் ஒருவர் மட்டும் பார்ப்பார். மாதம் முடிவதற்குள் அவரும் அந்த ஆப்பின் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்கப் போவார். அதற்கப்புறம் கேமரா ஓடும், பதிவும் ஆகும், யாரையும் எழுப்பாது.

கொங்குப் பக்கம் இதைச் சாதாரணமாக விட முடியாது. காங்கேயம், தாராபுரம், பல்லடம், சென்னிமலை என்று எங்கே போனாலும் ஊரைவிட்டுத் தள்ளி, தோட்டத்துக்குள் தனித்தனியாக நிற்கும் வீடுகள் ஏராளம். பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். சாளையில் (தோட்டத்து வீட்டில்) வயதான இரண்டு பேர் மட்டும். 2024 நவம்பரில் பல்லடம் வட்டாரத்தில் சேமலைகவுண்டம்பாளையத்தில் மூன்று பேரும், 2025-ல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதியும் தோட்டத்து வீட்டிலேயே கொல்லப்பட்ட பிறகு, கேமரா மாட்டும் எங்களுக்கு வரும் விசாரிப்புகள் கூடின. கேட்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கேமரா, என்ன ரேட்டு?" கேட்க வேண்டியது வேறு. ராத்திரி 2 மணிக்கு அலர்ட் அடித்தால் யார் போனில் அடிக்கும்? அவர் எழுந்து என்ன செய்வார்? எங்கே மாட்டுவது, எந்த லென்ஸ், கரண்ட் போனால் என்ன வழி என்பதையெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

காற்றுக்கும் மயிலுக்கும் அடிக்கும் அலர்ட்

அசைவைக் கண்டு அலர்ட் அடிக்கும் சாதாரண மோஷன் டிடெக்‌ஷனுக்கு ஆள் யார், ஆடு எது என்று தெரியாது. முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எத்தனை புள்ளி மாறியது என்று மட்டும் கணக்குப் பார்க்கும். தென்னை மட்டை ஆடினாலும் புள்ளி மாறும், மேக நிழல் வாசலில் நகர்ந்தாலும் மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசி தொடங்கி ஆவணி வரை பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்பதை அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். கேமராவைத் தோப்பைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, "ஆடி மாசம் போன் ஓய மாட்டேங்குதுங்க" என்றால் கேமரா மேல் தப்பில்லை. இன்னும் மயில் இருக்கிறது. விடியற்காலையில் கூட்டமாகக் களத்தில் இறங்கும்.

மாட்டியதும் செட்டிங்கில் முதலில் தொட வேண்டியது மோஷன் ஏரியா. படம் முழுவதும் விழித்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் தடம் வாசலில் சேரும் இடம், கதவுப் பக்கம், கட்டுத்தரைக்குப் போகும் வழி, இவ்வளவுக்கு மட்டும் கட்டம் போட்டுவிட்டு மரத்தையும் வானத்தையும் விட்டுவிடுங்கள். சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைப்பது பலருக்கும் பழக்கம். அதைப் பாதிக்குக் குறைத்துவிட்டு நீங்களே நடந்து பார்த்து ஏற்றிக்கொள்ளலாம். ஆளை மட்டும் அடையாளம் காணும் ஹியூமன் டிடெக்‌ஷன் இருக்கும் கேமரா என்றால் அதை ஆன் செய்யுங்கள், பாதித் தொல்லை அன்றைக்கே ஒழியும். ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. குனிந்து வருகிறவனையும், போர்வை போர்த்தி வருகிறவனையும், தூரத்தில் சின்னதாகத் தெரிகிறவனையும் அது சில நேரம் ஆளாகவே எடுத்துக்கொள்ளாது. பகலில் பால்காரர், தேங்காய் போட வருகிறவர், கூரியர் என்று ஆள் வந்துகொண்டேதான் இருக்கும். பகலுக்குப் பதிவு போதும். சத்தத்தோடு வரும் அலர்ட்டை ராத்திரி 10 மணி முதல் காலை 5 மணி வரை வைத்துக்கொண்டால் அதற்கு மரியாதை இருக்கும்.

சிலந்தி தனிக் கதை. கேமராவின் விளிம்பு அதற்கு வாகான இடம். லென்ஸுக்கு ஒரு விரற்கடை முன்னால் ஒரே ஒரு இழை விட்டிருக்கும், பகலில் கண்ணுக்கே தெரியாது. ராத்திரி கேமரா விடும் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சம் அதன்மேல் பட்டதும் திரையின் குறுக்கே தடித்த வெள்ளைக் கயிறு தொங்கும். காற்றில் அது அசையும் ஒவ்வொரு முறையும் ஓர் அலர்ட். மழைக்காலத்துப் பூச்சியும் இப்படித்தான்: லென்ஸுக்கு அருகே பறப்பதால் திரையில் புறா அளவுக்கு வெள்ளையாகக் கடந்து போகும். டியூப்லைட்டுக்குப் பக்கத்திலேயே கேமராவை மாட்டினால் பூச்சியை நாமே கூப்பிட்டு உட்கார வைத்த கணக்கு. விளக்கைச் சில அடி தள்ளிப் போடுங்கள். வாரம் ஒரு தடவை ஒட்டடைக் குச்சியால் கேமராவைச் சுற்றி ஒரு சுழற்று சுழற்றினால் போதும். இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பேட்டரியில் ஓடும் சோலார் கேமராக்களில் பெரும்பாலும் பிஐஆர் சென்சார்தான் ஆளை உணர்கிறது. அது உடல் சூட்டின் அசைவைப் பார்ப்பதால் மட்டை ஆட்டத்துக்கு அவ்வளவாக ஏமாறாது. அதற்கும் இரண்டு குறை உண்டு. குறுக்கே நடப்பவனைச் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வருகிறவனைத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆகவே தடத்துக்கு நேரெதிராக மாட்டாமல் ஒரு பக்கமாக மாட்ட வேண்டும். இரண்டாவது, வெளிச்சூடும் உடல் சூடும் நெருங்கிவிட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது. சித்திரை மாதத்துக் கரூர், ஈரோடு மத்தியானத்தில் கோட்டை விட்டால் ஆச்சரியமில்லை. தூங்கிக்கொண்டிருந்து முழித்துப் பதிவு செய்யும் கேமரா என்பதால் முதல் ஓரிரு விநாடி தவறிப்போகும். கரண்ட் இழுக்க முடியாத மோட்டார் ரூமுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் அது சரி. வீட்டு வாசலுக்கு ஒயர் இழுத்த கேமராதான் என் கட்சி.

உயரத்தில் மாட்டினால் தலைதான் தெரியும்

"மொட்டை மாடியில வச்சா தோட்டமே தெரியுமுங்களே" என்பார்கள். தோட்டம் தெரியும், திருடன் முகம் தெரியாது. 15 அடி உயரத்திலிருந்து பார்த்தால் தொப்பியும் தலைமுடியும்தான் பதிவாகும். முகம் வேண்டும் என்றால் 8, 9 அடி உயரம், வருகிறவன் முகத்தை நோக்கிய கோணம்.

கடைக்காரர் கேட்காமலேயே கொடுப்பது 2.8 எம்எம் லென்ஸ். 100 பாகைக்கு மேல் அகலமாகக் காட்டும், போனில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவனை இன்னான் என்று அடையாளம் சொல்ல, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 புள்ளி. வகுத்தால் 7.7 மீட்டர். 2.8 லென்ஸ் கேமராவிலிருந்து 3 மீட்டர் தூரத்திலேயே, அதாவது 10 அடியிலேயே, படம் அவ்வளவு அகலத்துக்கு விரிந்துவிடும். அதற்கு மேல் தள்ளி நிற்பவன் யாரோ ஒரு ஆள், அவ்வளவுதான். 6 எம்எம் லென்ஸ் போட்டால் 8 மீட்டர் வரை அந்தத் தெளிவு கிடைக்கும். அதனால் நான்கு கேமரா வாங்கினால் நான்கையும் ஒரே லென்ஸில் வாங்காதீர்கள். வாசலை அகலமாகப் பார்க்க ஒன்று, இட்டேரி (வேலிகளுக்கு நடுவே வரும் தடம்) வந்து கேட்டில் முட்டும் இடத்தைக் குறுகலாகப் பார்க்க ஒன்று என்று கலந்து வாங்குங்கள்.

திசையும் பார்க்க வேண்டும். இங்கே பலர் வாஸ்து பார்த்துக் கிழக்கு வாசல் வைக்கிறார்கள். போர்டிகோவிலிருந்து நேர் கிழக்கே பார்க்கும் கேமராவுக்கு விடிந்து ஒரு மணி நேரம் எதுவும் தெரியாது, வருகிறவன் கரிய நிழலாகத்தான் தெரிவான். பக்கவாட்டுச் சுவரில் மாட்டிச் சாய்த்து வையுங்கள், அல்லது எதிர்வெளிச்சத்தைச் சமாளிக்கும் டபிள்யூடிஆர் உள்ள மாடலாக வாங்குங்கள்.

ராத்திரிக் கோளாறுகள்

மாட்டிக் கொடுத்துவிட்டுப் பகலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம். பொழுது சாய்ந்த பிறகு ஒருமுறை பார்க்காமல் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். வெள்ளையடித்த சுவரோ சன்ஷேடோ படத்தின் ஓரத்தில் இருந்தால், ஐஆர் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்கப் பால் ஊற்றியதாகிவிடும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் இதே கதி.

அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: "தம்பி, பகல்ல நல்லாத்தான் ஓடுதுங்க. பொழுது விழுந்தா அந்தக் கேட்டுக் கேமரா மட்டும் அணைஞ்சுபோகுதுங்க." கேமராவை மாற்றச் சொல்லிக் கேட்பார்கள், மாற்றினாலும் சரியாகாது. கோளாறு ஒயரில். வீட்டிலிருந்து கேட் வரை 60 மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்து 12 வோல்ட் அனுப்பியிருப்பார்கள். ஐஆர் எரியத் தொடங்கியதும் கேமரா கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், அவ்வளவு தூரத்தில் வோல்டேஜ் 10-க்கும் கீழே இறங்கும், கேமரா அணையும். தாமிரப் பூச்சு பூசிய அலுமினிய ஒயர் என்றால் இன்னும் மோசம். ஒயரின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் கரண்ட் இருந்தால் அங்கேயே அடாப்டர் வைப்பது சுலபம். இல்லையென்றால் நெட்வொர்க் ஒயரில் ஓடும் ஐபி கேமராவும், அதே ஒயரிலேயே கரண்ட் அனுப்பும் பிஓஇ-யும். அதற்கும் 100 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஃபைபர் போடுவது நல்லது, இடி மின்னலுக்கும் அதுதான் பாதுகாப்பு. வெட்டவெளியில் நீளமாக ஓடும் செம்பு ஒயர் வழியாக மின்னல் வந்து பதிவுப் பெட்டியான டிவிஆரையே எரித்துவிடும்.

கரண்ட் இல்லாத நேரம்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணி முதல் மாலை வரை எந்தெந்த ஊரில் மின்தடை என்பது முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடுகிறது. நாம் படிப்பதைத் திருடனும் படிக்கிறான். இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் இருக்கும், டிவிஆர் இருக்காது. டிவிஆர் இருந்தால் ரூட்டர் இருக்காது. ரூட்டர் அணைந்தால் அலர்ட்டும் அணைந்தது. கேமரா அடாப்டர், டிவிஆர், ரூட்டர், ஃபைபர் பெட்டி நான்கும் ஒரே யூபிஎஸ் லைனில் இருக்க வேண்டும். கிணற்று மோட்டார் ஓடும் லைனில் இவற்றைக் கொடுக்காதீர்கள். மோட்டார் எடுக்கும்போதெல்லாம் வோல்டேஜ் குதித்து ஹார்ட் டிஸ்க்கைத்தான் பதம் பார்க்கும்.

வைஃபை கேமரா ஆப்பில் சேரவே மாட்டேன் என்றால், போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4-ஐ மட்டும் பிடிக்கும். சிம் போடும் 4ஜி கேமரா என்றால் ரீசார்ஜ் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பதிவு எங்கே இருக்கிறது?

ஆசாரத்தில் (கூடத்தில்) டிவிக்குக் கீழே, ஷோகேஸில், பச்சை விளக்கு மினுக்க டிவிஆரை வைப்பது பெரிய தவறு. உள்ளே வந்தவன் நகையோடு அதையும் சேர்த்து எடுத்துப் போவான். அட்டாலியிலோ (பரணிலோ) பூட்டிய அலமாரியிலோ காற்றோட்டத்தோடு வையுங்கள். முக்கியமான ஒரு கேமராவுக்காவது கிளவுடில் பதிவு இருக்கட்டும்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்குக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினொன்று, பன்னிரண்டு நாளில் நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கும். நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வருகிறவர் பூட்டு உடைந்ததைப் பார்க்கும்போது அந்த ராத்திரி டிஸ்கில் இருக்காது. டிஸ்க்கைச் சர்வைலன்ஸ் வகையாக வாங்குங்கள். மெமரி கார்டு என்றால் ஹை எண்டியூரன்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். இடைவிடாமல் எழுதினால் சாதாரணக் கார்டு சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கடிகாரத்தையும் பார்த்துவிடுங்கள். பல டிவிஆர்கள் சீன நேரத்தோடு வருகின்றன, இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். நேரம் தப்பான பதிவை ஸ்டேஷனில் கொடுத்தால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, இப்படிப்பட்ட பதிவை நகலெடுத்துக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் வேண்டும். அதனால் திரையைப் போனால் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டதோடு நிறுத்தாமல், டிவிஆரிலிருந்தே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். டிஸ்க்கைப் போலீஸ் பார்க்கும்வரை அழியாமல் காப்பாற்றுங்கள்.

அலர்ட் யாருக்கு?

நியூஜெர்சியில் இருக்கும் மகனுக்கு மட்டும் அலர்ட் போகிறது. இங்கே ராத்திரி 2 என்றால் அங்கே பகல், பார்த்துவிடுவார். பார்த்து? அப்பாருக்குப் போன் அடிப்பார், அவர் காதில் விழாது. ஆப்பை நான்கு பேரோடு பகிருங்கள்: வீட்டில் ஒருவர், பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், உள்ளூர்ச் சொந்தம் ஒருவர், வெளியூரில் இருக்கும் பிள்ளை. வெளிநாட்டிலிருந்து 112 அடித்தால் இங்கே வராது என்பதால், அந்தப் பகுதி ஸ்டேஷனின் நேரடி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு பதிந்து வைக்கச் சொல்லுங்கள். யாரும் தனியாக இறங்கிப் போய்ப் பார்ப்பது வேண்டாம். வாசல் விளக்கையும் சைரனையும் உள்ளிருந்தே போடும்படி ஒயர் செய்துகொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து இந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும். பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்ற வேண்டும். நான்கு போனிலும்.

முக்கியமான இன்னொன்று: மாட்ட வந்த பையன் தன் நம்பரிலேயே கணக்கைத் திறந்து, உங்களுக்குப் 'பார்க்க மட்டும்' அனுமதி கொடுத்துவிட்டுப் போயிருப்பான். உங்கள் வீட்டுக்குச் சாவி அவன் கையில். கணக்கு உங்கள் பேரில் இருக்கட்டும், கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகமெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது, கம்பெனி போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்த ஒரே காரணத்தால்.

பங்காளி வீட்டுத் தடத்தையும் அவர்கள் குளியலறைப் பக்கத்தையும் பார்த்துக் கேமரா திரும்பியிருந்தால் திருடனுக்கு முன்னால் பஞ்சாயத்து வந்து சேரும். அதில் நியாயமும் இருக்கிறது. மறைவில் இருக்கும் பெண்ணைப் படமெடுப்பது பாரதிய நியாய சட்டத்தின் 77-ஆம் பிரிவில் குற்றம். பல மாடல்களில் பிரைவசி மாஸ்க் என்று ஒன்று இருக்கும். அந்தப் பகுதியைக் கறுப்பாக்கிவிட்டு, அந்த வீட்டுக்காரரையே கூப்பிட்டு ஒருமுறை திரையைக் காட்டிவிடுங்கள்.