மீன் குழம்புக் கலோரி: கணக்கு எங்கே உதைத்தது

எண்ணெயில்தான். இரண்டு டீஸ்பூன் என்று 80 கலோரி எழுதிவந்தேன். தாளிப்புக்கு முன்னும் பின்னும் எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்தால் 45 கிராம் குறைந்திருந்தது. கிராமுக்கு 9 வீதம் 405!

காசிமேட்டு சங்கரா மீனை ஆய்ந்த பிறகே நிறுக்கணும். தலை, குடல் போனால் கிலோ கிலோவாக இருக்காது.

காலி மண்சட்டியை நன்றாகக் காய்ந்தபின் நிறுத்துக் குறித்துவையுங்கள். ஈரம் குடித்த சட்டி கூடுதலாகக் காட்டும். இறக்கியதும் தராசில் மணைப்பலகை போட்டு, பூஜ்யமாக்கி, சட்டியோடு நிறுத்துக் கழித்தால் குழம்பின் எடை. மொத்தக் கலோரியை அதால் வகுத்தால் கிராமுக்கு எவ்வளவு என்று வரும். மறுநாள் சுண்டவைத்த குழம்பை (அதுதானே ருசி) திரும்ப நிறுக்கணும்: குறைவது தண்ணீர், கலோரி இல்லை. சோற்றுக்கு அரிசியாகவே நிறுங்கள், 100 கிராமுக்கு சுமார் 350.