கேமுக்குப் பேட்டன்ட் நோட்டீஸ் வந்தால் முதலில் எதைப் படிப்பது

காரைக்குடியில் உட்கார்ந்து, செட்டிநாட்டு வீட்டுக்குள் நடக்கிற ஒரு கேம் செய்கிறீர்கள். முகப்பிலிருந்து வளவுக்குள் நுழையும்போது லோடிங் ஆகிற நேரத்துக்கு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு பல்லாங்குழி ஆட்டம். "இது எங்கள் பேட்டன்ட்" என்று வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே பதில் போடாதீர்கள், ஊருக்கெல்லாம் போஸ்ட் போட்டுப் புலம்பாதீர்கள், பழைய ஃபைல் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள்.

பேட்டன்ட் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எண்ணைக் கூகுள் பேட்டன்ட்ஸில் போட்டால் முழு ஆவணமும் வரும். தலைப்பையும் படத்தையும் பார்த்தே பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள், ஆனால் வேலி போட்டிருப்பது க்ளெய்ம் பகுதியில்தான், அதாவது எது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று எண் போட்டு எழுதிய வாக்கியங்களில். முதல் க்ளெய்மை எடுத்து, அரைப்புள்ளி வருகிற இடத்திலெல்லாம் உடைத்து, ஒரு தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, எதிரே உங்கள் கேமில் அது உண்டா இல்லையா என்று குறியுங்கள். ஒரு துண்டு இல்லையென்றாலும் பொதுவாக அந்த க்ளெய்மில் நீங்கள் மாட்டவில்லை (அதற்கு ஈடான வேறொன்று உங்களிடம் இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு வக்கீல் இழுப்பார், அது தனிக் கதை). வேறொரு க்ளெய்மைச் சாராமல் தனியாக நிற்கிற ஒவ்வொன்றுக்கும் இதையே செய்ய வேண்டும்.

அப்புறம் தேதி. பெரிய கேம் ஏறும்வரை சின்ன கேம் ஒன்றை ஆடவிடும் உத்திக்கு ஜப்பானிய கேம் கம்பெனி நாம்கோ 1995இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1998இல் பேட்டன்ட் வாங்கியது. விண்ணப்பத்திலிருந்து 20 வருஷம்தான் ஆயுள், 2015இல் முடிந்துவிட்டது, பல்லாங்குழி பிழைத்தது. கேமில் உங்களோடு மோதிய எதிரி உங்களை ஞாபகம் வைத்துப் பதவி உயர்ந்து திரும்பி வருவதற்கு வார்னர் பிரதர்ஸ் 2021இல் வாங்கியது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

விண்ணப்பத் தேதிக்கு முன்பே அதே சங்கதி வெளியில் இருந்ததா என்றும் தேடுங்கள். எதிரியைச் சுற்றி வளைத்து அடைப்பது எங்கள் கண்டுபிடிப்பு என்று ஒருவர் வந்தால், 3 புலி 15 ஆட்டோடு திண்ணைக் கல்லில் கீறிய ஆடுபுலி ஆட்டம் இருக்கிறதே! ஆனால் அப்பத்தா சொன்னார் என்றால் எடுபடாது, தேதி போட்ட அச்சுப் புத்தகமோ பழைய கேமோ வேண்டும்.

இந்தியச் சட்டத்தின் 3(எம்) பிரிவு விளையாடும் முறைக்கே பேட்டன்ட் தருவதில்லை. அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் விற்றால் அந்தந்த நாட்டுப் பேட்டன்ட் பேசும்.

க்ளெய்மின் துண்டுகள் எல்லாமே பொருந்தினால் உங்கள் கேமில் ஒன்றையாவது மாற்றுங்கள். 2024 செப்டம்பரில் நின்டெண்டோவும் போகிமான் கம்பெனியும் பால்வேர்ல்டு என்ற கேமைச் செய்த பாக்கெட்பேர் கம்பெனி மீது 3 ஜப்பானியப் பேட்டன்ட்களை வைத்து டோக்கியோவில் வழக்குப் போட்டன. கேட்ட தொகை ஆளுக்கு 50 லட்சம் யென்னும் தாமதக் கட்டணமும்தான், உண்மையான பயம் விற்பனைத் தடை. வழக்கு நடக்கும்போதே பாக்கெட்பேர் உருண்டை எறிந்து ஜீவன்களை வரவழைப்பதை எடுத்துவிட்டது, 2025 மே மாதம் ஜீவனைப் பிடித்துப் பறப்பதையும் மாற்றிவிட்டது.

இதற்கப்புறம் பேட்டன்ட் வக்கீலிடம் போங்கள், அந்தத் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு.