ஒரு அம்புக்குறி போட கிம்ப் எதுக்கு? லினக்ஸ் ஸ்க்ரீன்ஷாட்டில் நடக்கும் தவறுகள்

பட்டா விண்ணப்பத்தில் எந்தப் பொத்தானை அமுக்கணும் என்று அம்பாசமுத்திரத்தில் இருக்கிற சித்தப்பாவுக்குக் காட்ட ஒரு ஸ்க்ரீன்ஷாட், அதில் ஒரு சிவப்பு அம்பு, அவ்வளவுதான் வேலை. அதற்குப் போய் முழுத்திரையையும் பிடித்து, ஃபைலைத் தேடி, கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைத் திறந்து, அந்தப் பழைய சிஸ்டத்தில் அது எழுந்து வருவதற்குள் ஒரு டீயும் குடித்துவிட்டு வந்து வெட்டுவார்கள். கிம்ப் நல்ல சாமான்தான், ஆனால் அதில் அம்பு வரையத் தனி டூலே கிடையாது.

ஃபிளேம்ஷாட் என்ற ஸ்க்ரீன்ஷாட் கருவியைப் போடுங்கள். பகுதியைத் தேர்ந்த இடத்திலேயே அம்பு, கட்டம், எண் எல்லாம் வரைந்து, கன்ட்ரோல் சி அமுக்கி நேரே வாட்ஸ்அப் வெப்பில் ஒட்டலாம். உங்கள் டெஸ்க்டாப் கேடிஇ என்றால் கூடவே வரும் ஸ்பெக்டக்கிள் போதும். போட்டதை மெனுவிலேயே விட்டுவைப்பது அடுத்த தவறு. பிரின்ட் ஸ்க்ரீன் விசையோடு இணையுங்கள். க்னோம் டெஸ்க்டாப்பில் 42-ஆம் பதிப்பு முதல் அந்த விசை அதன் சொந்த ஸ்க்ரீன்ஷாட் கருவிக்குப் போகிறது, முதலில் அதை விடுவிக்கணும்.

ஸ்க்ராட் மாதிரி பழைய கருவியில் படம் கருப்பாக வந்தால் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்ட வேண்டாம். திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-இல் எந்தப் புரோகிராமும் மற்றதன் ஜன்னலை எட்டிப்பார்க்கலாம், அதன் இடத்துக்கு வந்த வேலேண்ட் அதை விடாது, அதனால்தான் கருப்பு. இரண்டில் எது ஓடுகிறது என்று செட்டிங்ஸில் சிஸ்டம் விவரத்தில் பாருங்கள்.

இனி சொல்வதுதான் ஆபத்தான தவறு. ஆதார் எண்ணைக் கட்டம்கட்டமாக மங்கலாக்கி அனுப்புகிறார்கள். எழுத்துரு தெரிந்தது, ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரைதான் வரமுடியும், அப்படியென்றால் ஒவ்வொன்றாக மங்கலாக்கி ஒப்பிட்டே எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். ஹைலைட்டர் அதைவிட மோசம், அடியில் எழுத்து அப்படியே இருக்கும். முழுக்கருப்புச் செவ்வகம் வைத்து மூடுங்கள். ஆதாரையே அனுப்பணும் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் இருக்கிறதே, அதை எடுங்கள்.

அப்புறம், எழுத்து உள்ள படத்தை ஜேபெக்கில் சேமித்தால் ஓரமெல்லாம் கலங்கும். பிஎன்ஜி வையுங்கள், வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். பல படங்களை மொத்தமாகச் சிறிதாக்க இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளின் மோக்ரிஃபை கட்டளை வசதிதான், ஆனால் கேட்காமலே மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். பாத் என்ற ஆப்ஷனில் வேறு ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள்.