சைலன்சர் மாத்தினதும் டியூனிங் கடைக்கு ஓடாதீங்க

போன வாரம் எங்க தெருமுனை மெக்கானிக் கடைல ஆயில் மாத்த நின்னுட்டு இருந்தேன், ஒரு தம்பி புது கிளாசிக் 350-ல வந்து இறங்கினான், ஆக்ஸிலேட்டரை விட்டாலே பின்னாடி பட்பட்னு வெடிக்குது. "அண்ணே, சைலன்சர் மாத்தினேன், இப்ப வண்டி லீனா ஓடுதாம், ஈசியூ ரீமேப் பண்ணியே ஆகணும்னு சொல்றாங்க, பதினஞ்சாயிரம் கேக்குறாங்க"ன்னான். லீன்னா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி; ஈசியூ ரீமேப்னா பெட்ரோல் எவ்வளவு ஊத்தணும்னு முடிவு பண்ற வண்டி கம்ப்யூட்டரோட கணக்கை மாத்தி எழுதுறது. எனக்கு வயித்தெரிச்சல். இதே டயலாக்கை நம்பி என் பழைய கார்புரேட்டர் கிளாசிக்கை ஒருதடவை நாசம் பண்ணவன் நான். அதனால சைலன்சர் மாத்தும்போது நம்ம ஆளுங்க பண்ற தப்புகளை எழுதுறேன். சூடா இருக்கும்போது கை வைக்காதீங்க, போல்ட்டை டைட் பண்ணுங்கன்னெல்லாம் சொல்லப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

எல்லாத்துக்கும் டியூனிங் வேணும்னு நினைக்கிறது

பின்னாடி இருக்கற சைலன்சரை மட்டும் மாத்துறீங்க, இஞ்சின்ல இருந்து சைலன்சருக்கு வர்ற பெண்ட் பைப் கம்பெனியோடதுதான், ஏர் ஃபில்டர்ல கை வைக்கல, அப்படின்னா பெரும்பாலும் டியூனிங் தேவையே இல்ல. பெண்ட் பைப்போட முழு செட்டும் மாத்தி, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்டரும் போயி, ஏர் ஃபில்டரையும் ஓப்பன் பண்ணா கண்டிப்பா வேணும். கன்வெர்டர் சில வண்டில பெண்ட் பைப்ல இருக்கும், சில வண்டில சைலன்சருக்குள்ளயே இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பாத்துக்கோங்க.

ஈசியூ தானா சரி பண்ணிக்கும்னு நம்புறது

பாதிதான் உண்மை. புகைல எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்குன்னு பாக்குற ஓ2 சென்சரைப் பாத்து 14.7-க்கு 1னு காத்து பெட்ரோல் கணக்கை திருத்துறதெல்லாம் நிதானமா போகும்போதுதான். ஃபுல் த்ராட்டில் கொடுத்தா அது சென்சரைக் கண்டுக்காது, கம்பெனி எழுதி வச்ச கணக்குதான்.

வெடிச்சத்தம் கேட்டதும் 'லீன்'னு முடிவு கட்டுறது

இதுதான் என் காசைத் தின்ன தப்பு. ஷார்ட் பாட்டில் சைலன்சர் மாட்டின மறுநாளே வண்டி வெடிக்க ஆரம்பிச்சுது. தெரிஞ்ச ஒருத்தர் "பெட்ரோல் பத்தல, மெயின் ஜெட்டைப் பெருசு பண்ணு"ன்னாரு, கார்புரேட்டர்ல பெட்ரோல் போற ஓட்டை அது, பண்ணேன், வெடிச்சுது, இன்னொரு சைஸ் ஏத்தினேன், அப்பவும் வெடிச்சுது, ஏர் ஸ்க்ரூவைத் திருகித் திருகி அதோட தலையே மழுங்கிப்போச்சு. 35 கொடுத்துட்டு இருந்த மைலேஜ் 24-க்கு வந்துச்சு, ப்ளக்கைக் கழட்டினா அடுப்புக்கரி மாதிரி கருப்பு. அப்படியே ஆறு மாசம் ஓட்டினேன். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலைக் கழுவிட்டே இருந்திருக்கு, கடைசில வண்டி புகை கக்க ஆரம்பிச்சு சிலிண்டரைக் குடைஞ்சு பெருசாக்குற ரீபோர் வரைக்கும் போச்சு. இஞ்சினை இறக்கும்போதுதான் பெரியவர் ஒருத்தர் பெண்ட் பைப் வாயைக் காட்டி, "ஏம்ப்பா, பழைய பாக்கிங்கையே திரும்பப் போட்டியா?"ன்னு கேட்டாரு. ஆமா, போட்டிருந்தேன். ஜாயின்ட்ல இடுக்கு இல்லாம அடைக்கிற வளையம்தான் பாக்கிங், அது நசுங்கி, சுத்தி கரிக்கோடு.

நடந்தது இவ்வளவுதான்: ஆக்ஸிலேட்டரை விட்டதும் எரியாத பெட்ரோல் கொஞ்சம் பைப்புக்குள்ள போகும், பைப்ல அழுத்தம் ஏறி இறங்கும்போது அந்த இடுக்கு வழியா வெளிக்காத்தை உள்ள இழுக்கும், சூடு ஏற்கனவே இருக்கு, அப்புறம் வெடிக்காம என்ன பண்ணும்? இஞ்செக்‌ஷன் வண்டில, அதாவது ஈசியூ பெட்ரோல் ஊத்துற வண்டில, இது இன்னும் மோசம், ஓ2 சென்சருக்கு முன்னாடி லீக் இருந்தா அந்த வெளிக்காத்தைப் பாத்துட்டு சென்சர் "பெட்ரோல் கம்மி"ன்னு பொய் சொல்லும், ஈசியூவும் அதை நம்பி ஊத்தும். அந்த நிலைமைல ரீமேப் பண்ணா பொய்க்கணக்கு மேல இன்னொரு கணக்கு.

செக் பண்ண ரெண்டு நிமிஷம் போதும். வண்டி குளுந்து இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, பெண்ட் பைப் ஜாயின்ட்லயும் சைலன்சர் ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி விடுங்க, நுரை வந்தா லீக். துணியைச் சுருட்டி சைலன்சர் வாயை ஒரு நொடி லேசா அடைச்சாலும் ஜாயின்ட்ல உஸ்ஸுன்னு கேக்கும். என் வண்டி மாதிரி எக்ஸாஸ்ட்டுக்குள்ள காத்து விடுற பிஏவி வால்வு இருந்தா லீக்கே இல்லாமயும் லேசா பாப் அடிக்கும், அதுக்குப் பயப்பட வேணாம். நிஜமாவே லீன்னா ப்ளக் வெளுத்துப்போயிருக்கும், ஹைவேல முறுக்கும்போது வண்டி இழுக்காம திக்கும், இஞ்சின் சீக்கிரம் கொதிக்கும். அப்ப டியூனிங்குக்குப் போங்க, அப்ப போகலன்னாதான் தப்பு.

அந்தத் தம்பி வண்டிலயும் அதே கரிக்கோடு. புது பாக்கிங் போட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தான், சத்தம் சுத்தமா நின்னுபோச்சு. மூஞ்சி தொங்கிப்போயி நிக்கிறான், "அண்ணே, அந்த பட்பட் கெத்தாதானே இருந்துச்சு"ங்கிறான். என்னத்தச் சொல்ல.

சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் ஒரே நாள்ல மாத்துறது

ஒண்ணை மாத்தி ஒரு வாரம் ஓட்டுங்க, அப்புறம் அடுத்தது. இல்லன்னா எதால கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

டிபி கில்லரைக் கழட்டுறது

சைலன்சர் வாயில சத்தத்தைக் குறைக்க மாட்டியிருக்கற துண்டு அது, கழட்டினா பவர் ஏறாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல 10,000 ரூபாய் வரைக்கும் ஃபைன் இருக்கு, மூணு மாசம் லைசென்ஸும் போகும்.

வண்டியோட வந்த ஸ்டாக் சைலன்சரை எடைக்குப் போடுறது

வேணாம். என்னோடது பழைய வேட்டில சுத்தி இன்னும் பரண்ல கிடக்கு.