பைத்தான் மெய்நிகர் சூழல்: மலையில் இருந்து கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்து பைத்தான் கற்கும் மாணவர்களுக்கு வரும் பிழைச் செய்திகள் சென்னையிலும் கோவையிலும் வருபவைதாம். ஆனால் அவற்றுக்கு வழிவிடும் தவறுகளுள் ஒன்று நீலகிரியில் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. ஒருவர் பாடுபட்டு அமைத்த மெய்நிகர் சூழலின் (ஒரு வேலைக்குத் தேவையான பைத்தான் நிரல் தொகுப்புகளைத் தனியே வைக்கும் இடம்) கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து நண்பருக்குக் கொடுப்பதே அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் கைபேசிச் சிக்னலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும்போது, பாண்டாஸ், நம்பை போன்ற பெரிய பேக்கேஜ்களை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை) இன்னொரு முறை இறக்க யாருக்கும் மனம் வராது என்பது உண்மைதான். ஆயினும் அந்த நகல் வேலை செய்யாது.

பைத்தான் 3.3 வெளிவந்த 2012ஆம் ஆண்டு முதல் மெய்நிகர் சூழலை அமைக்கும் 'வென்வ்' என்னும் கருவி மொழியுடனேயே சேர்ந்து வருகிறது. அது உருவாக்கும் கோப்புறையில் முழுமையான பைத்தான் இருப்பதில்லை. 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்ற சிறு கோப்பில், மூலப் பைத்தான் அந்தக் கணினியில் எங்கே இருக்கிறது என்ற முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். சூழலை இயக்கும் ஸ்கிரிப்டுகளிலும் பேக்கேஜ்களை நிறுவும் 'பிப்' கட்டளையின் தொடக்க வரியிலும் அக்கோப்புறையின் முழுப் பாதை பதிந்திருக்கும். லினக்ஸில் உள்ளே தெரியும் 'பைத்தான்' என்பதுகூட வழக்கமாக மூலத்தைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டுமே. எனவே வேறு கணினிக்குக் கொண்டுபோனால் மட்டுமல்ல, அதே கணினியில் கோப்புறையின் பெயரை மாற்றினாலும் 'பிப்' இயங்க மறுக்கும். லினக்ஸில் 'பேட் இன்டர்பிரெட்டர்' என்றும், விண்டோஸில் 'அனேபிள் டு கிரியேட் பிராசஸ்' என்றும் வருகிற செய்திகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்தப் பாதைகளை ஒவ்வொன்றாகத் திருத்த முயல்பவர்களும் உண்டு. அது வீண் வேலை, கோப்புறையை அழித்துப் புதிதாக உருவாக்குவதே விரைவானது.

இணையம் அரிதாகக் கிடைக்கும் இடத்தில் பென் டிரைவில் ஏற்ற வேண்டியவை பேக்கேஜ்களின் 'வீல்' கோப்புகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டப்பட்ட கோப்புகள். நல்ல இணைப்புள்ள கணினியில், சூழலுக்குள் இருந்தபடி 'பிப் ஃப்ரீஸ்' கட்டளையால் நிறுவிய பேக்கேஜ்களின் 'ரிக்வயர்மெண்ட்ஸ்' பட்டியலை எடுத்துக்கொண்டு, 'பிப் டவுன்லோட்' மூலம் அதிலுள்ள எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் இறக்கிக்கொள்ளலாம். வீட்டுக் கணினியில் புதிய சூழலை உருவாக்கி, 'பிப் இன்ஸ்டால்' கட்டளையோடு '--நோ-இண்டெக்ஸ்', '--ஃபைண்ட்-லிங்க்ஸ்' ஆகிய இரண்டையும் சேர்த்தால், இணையத்தை நாடாமல் அந்தக் கோப்புறையிலிருந்தே நிறுவிக்கொள்ளும். இதிலும் ஒரு தவறு நேர்கிறது. கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் கணினியில் இறக்கியதை வீட்டிலுள்ள விண்டோஸில் நிறுவ முயன்றால், கோப்பு கண்முன் இருக்கும்போதே 'நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன்' என்ற பதில் வரும். பாண்டாஸ், நம்பை போன்றவற்றுக்கு இயங்குதளம், பைத்தானின் பதிப்பு ஆகிய இரண்டும் பொருந்த வேண்டும். வீல் கோப்பின் பெயரிலேயே, எடுத்துக்காட்டாக 'சிபி312' (பைத்தான் 3.12) என்றும் 'வின்_ஏஎம்டி64' (64-பிட் விண்டோஸ்) என்றும், இவை குறிக்கப்பட்டிருப்பதால் புறப்படும் முன்பே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நேரடியாகத்தான் இறக்க வேண்டும் என்றால், 'பிப்' பதிலுக்காக இயல்பாக 15 வினாடிகளே காத்திருக்கும் என்பதை நினைவில் கொண்டு '--டைம்அவுட் 100' என்று நீட்டித்துக்கொள்வது நல்லது. முழுதாக இறங்கிய கோப்புகளை அது தற்காலிகச் சேமிப்பில் வைத்திருப்பதால், கட்டளையை மறுபடி கொடுக்கும்போது அவற்றைத் திரும்ப இறக்குவதில்லை. எங்கோ படித்ததை நம்பி '--நோ-கேஷ்-டிர்' என்று சேர்ப்பவர்கள் இந்த வசதியைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த பெருங்குழப்பம், நிறுவிய பேக்கேஜே இல்லை என்று பைத்தான் சொல்வது. தேவாலாவின் தென்மேற்குப் பருவமழையையும் கோத்தகிரியின் வடகிழக்குப் பருவமழையையும் ஒப்பிடும் நிரலை ஒரு மாணவி எழுதுகிறார் என்று கொள்வோம். பாண்டாஸ் வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று டெர்மினல் சொல்கிறது. நிரலை ஓட்டினால் 'நோ மாட்யூல் நேம்ட் பாண்டாஸ்' என்கிறது. நிறுவிய 'பிப்' ஒரு பைத்தானுக்கும், ஓட்டிய கட்டளை வேறொரு பைத்தானுக்கும் உரியவை என்பதே இதன் பொருள். 'பிப்' என்று தனியாக எழுதாமல் 'பைத்தான் -எம் பிப்' என்று எழுதும் பழக்கம் இந்தப் பிழையைப் பெரும்பாலும் ஒழித்துவிடும். சூழலுக்குள் இருக்கிறோமா என்பதில் ஐயம் வந்தால், 'சிஸ்.பிரிஃபிக்ஸ்', 'சிஸ்.பேஸ்_பிரிஃபிக்ஸ்' ஆகிய இரண்டையும் அச்சிட்டுப் பார்க்கலாம்; அவை வேறுபட்டால் உள்ளே இருக்கிறோம். லினக்ஸில் சூழலை இயக்கிவிட்டு, நிர்வாகி உரிமையோடு 'சூடோ பிப்' என்று கொடுப்பது, பேக்கேஜை வெளியே, கணினியின் பொதுப் பைத்தானில் கொண்டுபோய்ச் சேர்க்கும். விஎஸ் கோட், ஜூபிட்டர் ஆகிய நிரல் எழுதும் கருவிகளில் எந்தப் பைத்தான் என்பதைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். நிரல் கோப்புக்கே 'பாண்டாஸ்.பை' என்று பெயர் வைத்துவிட்டுச் சூழலைக் குறை சொல்வதும் நடக்கிறது. பைத்தான் முதலில் அந்தக் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸின் பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தில் சூழலை இயக்கும்போது, ஸ்கிரிப்டுகளை இயக்கத் தடை இருப்பதாக ஒரு சிவப்புச் செய்தி வரும். அதற்காகக் கணினி முழுவதற்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது தேவையற்ற ஆபத்து. நடப்புப் பயனருக்கு மட்டும் 'ரிமோட்சைன்ட்' (கணினியிலேயே உருவான ஸ்கிரிப்டுகளை அனுமதிக்கும் நிலை) என்று அமைத்தால் போதும். அதையும் விரும்பாதவர்கள் பழைய கமாண்ட் பிராம்ப்டிலேயே சூழலை இயக்கலாம்.

உபுண்டுவில் 'என்ஷூர்பிப் (சூழலில் 'பிப்'பைச் சேர்க்கும் பகுதி) இல்லை' என்று செய்தி வந்தால், 'பைத்தான்3-வென்வ்' என்னும் பேக்கேஜ் தனியாக நிறுவப்பட வேண்டும். பலர் அதை நிறுவிய பின்னும், தோல்வியில் பாதியாக உருவான கோப்புறையையே பயன்படுத்தித் தடுமாறுகிறார்கள்; அதை அழித்துவிட்டே மீண்டும் தொடங்க வேண்டும். 2023இல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவை தொடங்கி, சூழலுக்கு வெளியே 'பிப்' கொண்டு நிறுவுவதை இயங்குதளமே தடுக்கிறது. இதைத் தாண்ட '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற வழி உண்டு. கணினியின் பேக்கேஜ்களை உடைக்கக்கூடும் என்று தன் பெயரிலேயே எச்சரிக்கும் ஒன்றை ஏன் இத்தனை பேர் துணிந்து பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

பைத்தான் 3.12இல், பேக்கேஜ்களைக் கட்டமைக்கும் பழைய கருவியான 'டிஸ்ட்யூட்டில்ஸ்' நீக்கப்பட்டது; அதே வேலைக்கான 'செட்அப்டூல்ஸ்' புதிய சூழலில் தானாக வருவதும் நின்றது. பழைய பாடங்களைப் பின்பற்றுவோர் 'செட்அப்டூல்ஸை' நிறுவிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பென் டிரைவ் வழியில் நிறுவுவோருக்கு இது இன்னொரு விதத்தில் தலைவலி தரும்: வீலாக அன்றி மூலநிரலாக இறங்கிய பேக்கேஜ் ஒன்று இருந்தால், அதைக் கட்டமைக்க 'செட்அப்டூல்ஸ்' போன்றவற்றை 'பிப்' தேடும், ஆனால் 'பிப் டவுன்லோட்' அவற்றை அந்தக் கோப்புறையில் சேர்த்திருக்காது. இறக்கும்போதே '--ஒன்லி-பைனரி=:ஆல்:' என்று கொடுத்தால் வீல் கோப்புகள் மட்டுமே வரும்; வீல் இல்லாத பேக்கேஜ் எது என்பதும் இணைப்பு இருக்கும்போதே தெரிந்துவிடும்.